லேப் படிப்பில் அடுத்த படி

(வளர்கல்வி மையங்களில் கூடிப் படிப்பதற்கான உரை)

வடமாலபேட்டையில் ஒருவருக்குக் காய்ச்சல் வருகிறது. மூன்று நாளாகியும் விடவில்லை. பஸ் ஏறித் திருப்பதிக்குப் போகிறார். ரூயா ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்க்கிறார். ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார். ஒருவர் ஊசியால் ரத்தம் எடுக்கிறார். சின்னக் குழாயில் விட்டு, பெயர் எழுதி ஒட்டுகிறார். சில மணி நேரத்தில் ஒரு தாள் வருகிறது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார்.

டாக்டரை எல்லோருக்கும் தெரியும். நர்ஸையும் தெரியும். அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பவரைப் பலருக்குத் தெரியாது. அவர்தான் லேப் டெக்னீஷியன். தமிழில் ஆய்வக நுட்பநர் என்று சொல்லலாம்.

நம் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்குப் படிக்கிறார்கள். முதலில் சிறு படிப்பில் சேர்கிறார்கள். அதில் செலவு குறைவு. சீக்கிரம் வேலைக்குப் போகலாம். பிறகு அவர்களுக்கு ஒரு கேள்வி வருகிறது. "இதற்கு மேல் பட்டம் படிக்க முடியுமா? இதுவரை படித்தது கணக்கில் வருமா?"

முடியும். ஆனால் எல்லாச் சிறு படிப்பும் பட்டத்துக்கு வழி விடாது. எது வழி விடும், எது விடாது என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். பணம் கட்டிய பிறகு கேட்டால் பயன் இல்லை. இந்த உரை சொல்ல வருவது இதுதான்.

லேபில் என்ன நடக்கிறது?

ஒரு துளி ரத்தத்தில் எவ்வளவோ செய்தி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு நெடுங்காலம் ஆனது.

காசநோய் பரம்பரையாக வருகிறது என்று முன்பு பலர் நம்பினார்கள். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் உண்மையைச் சொன்னார். காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்றார். இன்றும் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவுகிறார்கள். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். காசநோய்க் கிருமி சிவப்பு நிறத்தில் சின்னக் குச்சி போலத் தெரியும்.

மலேரியா எப்படிப் பரவுகிறது? இதற்கு விடை கிடைத்தது தொலைதூரத்தில் அல்ல. ஹைதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில்தான். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றை நுண்ணோக்கியில் பார்த்தார். அங்கே மலேரியாக் கிருமி இருந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பதற்கு வழி பிறந்தது.

மனித ரத்தத்தில் வகைகள் உண்டு. இதை 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் விளக்கினார். ஏ வகை ரத்தம் உள்ளவருக்கு பி வகை ரத்தம் ஏற்றினால் உயிரே போகலாம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரத்த வகையைத் தவறாக எழுதினால் என்ன ஆகும்? சளியில் கிருமி இருந்தும் "இல்லை" என்று எழுதினால் என்ன ஆகும்? அந்த நோயாளி மருந்து இல்லாமல் வீட்டுக்குப் போவார். அவர் வீட்டில் உள்ளவர்களுக்கும் நோய் ஒட்டும்.

கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை என்று பொருள். 9 இருக்கும் இடத்தில் 12 என்று எழுதினால்? டாக்டருக்குத் தெரியாமலே போகும். பிரசவத்தில் ஆபத்து வரும்.

ஆகவே இது சாதாரண வேலை அல்ல. உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை. நன்றாகப் படித்தவர்தான் செய்ய வேண்டும்.

பட்டம் எதற்கு?

டிப்ளமோ படித்தவருக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரத்தம் எடுப்பது, சாயம் ஏற்றுவது, எண்ணுவது எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். பல ஆஸ்பத்திரிகள் அவர்களை நம்பித்தான் நடக்கின்றன.

பட்டப் படிப்பில் இன்னும் ஆழமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு உதாரணம் பார்ப்போம்.

ரேஷன் கடைத் தராசு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்போம்? ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். ஒரு கிலோ காட்டினால் தராசு சரி. லேபிலும் அப்படித்தான். அளவு தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் வைத்துப் பார்க்கிறார்கள். மெஷின் அந்த அளவைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நோயாளியின் ரத்தத்தை அதில் சோதிக்கக் கூடாது.

மெஷின் ஏன் தவறாகக் காட்டுகிறது? மருந்து கெட்டுவிட்டதா? சூடு அதிகமா? ரத்தம் எடுத்த முறை தவறா? இவற்றைக் காரணத்தோடு கண்டுபிடிக்க ஆழ்ந்த படிப்பு உதவுகிறது. ரத்த வங்கி, கிருமி ஆய்வு, திசு ஆய்வு என்று பல பிரிவுகளையும் பட்டப் படிப்பில் விரிவாகப் படிக்கிறார்கள். அதன் பிறகு எம்.எஸ்சி. படிக்கலாம். ஆசிரியராகவும் ஆகலாம்.

2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. லேப் வேலை போன்ற மருத்துவத் துணைத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. அந்தச் சட்டம் படிப்பு நேரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நிலைக்கு டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும். அதற்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு தேவை. அதை இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் படித்திருக்க வேண்டும். அதற்கு மேல் நிலைக்குப் பட்டம் வேண்டும். அதற்குக் குறைந்தது 3,600 மணி நேரம்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் படித்தாலும் 2,000 மணி நேரத்துக்கு 333 நாட்களுக்கு மேல் ஆகும். "ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து தொடங்குகிறார்கள்?

ஆந்திராவில் பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறது. இன்டரில் தொழிற்கல்விப் பிரிவில் எம்.எல்.டி. எடுக்கலாம். அது லேப் வேலைக்கான இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ஓராண்டுப் பயிற்சி உண்டு.

இன்னொரு வழி டி.எம்.எல்.டி. என்ற டிப்ளமோ. இதை இன்டர் முடித்த பிறகு படிக்கிறார்கள். இதுவும் இரண்டு ஆண்டு. ஆந்திராவில் இதை மேற்பார்வை பார்ப்பது மாநிலப் பாராமெடிக்கல் போர்டு.

மூன்றாவது வழி சமுதாயக் கல்லூரி. இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும், ஏழைகளுக்கும், வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் கல்லூரி இது. அமெரிக்காவில் ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் இப்படி ஒரு கல்லூரி தொடங்கியது. நம் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒன்று தொடங்கியது. 1996-இல் சென்னையில் ஒன்று தொடங்கியது. பிறகு பல ஊர்களில் வந்தன.

அமெரிக்காவில் லேப் வேலைக்குப் படிக்கும் பலர் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படிக்கிறார்கள். பிறகு பெரிய கல்லூரிக்கு மாறிப் பட்டம் வாங்குகிறார்கள். அங்கே பல இடங்களில் இரண்டு கல்லூரிகளும் முன்பே ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. "உங்களிடம் படித்த இந்தப் பாடங்களை நாங்கள் ஏற்றுக்கொள்வோம்" என்று அதில் இருக்கும். மாணவர் சேரும் முன்பே அதைப் படித்துப் பார்க்கலாம். வாய்ச்சொல்லை நம்பிச் சேர வேண்டியதில்லை. இது நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

நடுவழியில் பஸ் ஏறுவது போல

சிறு படிப்பிலிருந்து பட்டத்துக்குப் போவது எப்படி? நம் ஊர் பஸ்ஸை வைத்தே சொல்லலாம்.

புத்தூரில் ஒரு பஸ் புறப்படுகிறது. திருப்பதிக்குப் போகிறது. வடமாலபேட்டை நடுவில் இருக்கிறது. இங்கே இருப்பவர் அந்த பஸ்ஸைப் பிடிக்கப் புத்தூருக்குத் திரும்பிப் போக வேண்டுமா? வேண்டாம். இங்கேயே ஏறலாம். ஆனால் பஸ் இங்கே நிற்க வேண்டும். சில பஸ் நிற்கும். சில பஸ் நிற்காமல் போய்விடும்.

படிப்பும் அப்படித்தான். சில பல்கலைக்கழகங்களில் டி.எம்.எல்.டி. முடித்தவர் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். இதை லேட்டரல் என்ட்ரி என்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்தவர் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்றது இது. அப்படிச் சேர்ந்தால் ஓர் ஆண்டு மிச்சம்.

சில பல்கலைக்கழகங்களில் இந்த வழி கிடையாது. டிப்ளமோ இருந்தாலும் முதல் ஆண்டிலிருந்துதான் படிக்க வேண்டும். அதனால் அந்த டிப்ளமோ வீண் அல்ல. படித்தது கையில் இருக்கும். வகுப்பு எளிதாக இருக்கும். ஆனால் ஓர் ஆண்டுச் செலவு கூடும். அது முன்பே தெரிந்திருந்தால் குடும்பம் தயாராக இருக்கும்.

இன்டரில் தொழிற்கல்வி படித்தவர்களுக்கு வேறு ஒரு சிக்கல் உண்டு. பட்டப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் தேவை. தொழிற்கல்விப் பிரிவில் இவற்றை முழுதாகப் படிப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்கு பிரிட்ஜ் கோர்ஸ் என்று பெயர். தமிழில் பாலப் படிப்பு எனலாம். இந்தப் பாடங்களைக் கூடுதலாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் மருத்துவத் துணைப் பட்டங்களுக்கு விண்ணப்பம் போடலாம். ஓடையின் இரு கரைக்கும் பாலம் போட்டது போல.

இந்தப் பாலம் இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதனால் எத்தனையோ பேர் அக்கரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார்கள்.

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வளர்கல்வி மையத்தில் எழுத்துக் கற்றவர். மகள் இன்டர் இரண்டாம் ஆண்டில் தொழிற்கல்வி படிக்கிறாள். ஒருநாள் அப்பா ஒரு வண்ண நோட்டீசோடு வருகிறார்.

"இதைப் பாரு. வீட்டிலிருந்தே லேப் பட்டமாம். வேலையும் நிச்சயமாம். ஐயாயிரம் முன்பணம் கட்டினால் போதும். நாளைக்குக் கடைசி நாளாம்."

அம்மா நோட்டீசை வாங்குகிறார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிக்கிறார். முன்பக்கம் படிக்கிறார். பின்பக்கமும் படிக்கிறார்.

"எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்குது? பேரே போடலையே?"

"அதெல்லாம் பெரிய இடமாம். ஏஜெண்டு சொன்னார்."

"பெரிய இடம்னா பேரைப் போட என்ன பயம்?"

மகள் சொல்கிறாள்: "அப்பா, ரத்தம் எடுக்கிறதை வீட்டிலிருந்து எப்படிப்பா கத்துக்கிறது? நுண்ணோக்கி வேணும், மருந்து வேணும். எங்க காலேஜ்லேயே அதுக்குத் தனி அறை இருக்கு."

அப்பா யோசிக்கிறார். "சரி கண்ணு, நாளைக்கு உங்க காலேஜ்ல கேட்டுட்டு வரலாம்" என்கிறார்.

மறுநாள் மூவரும் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆசிரியர் விவரம் சொல்கிறார்: "தபால் வழியில் லேப் படிப்பு செல்லாதுங்க. உங்க பொண்ணு பிரிட்ஜ் கோர்ஸ் தேர்வுக்கும் பணம் கட்டி எழுதட்டும். தேறிட்டா, பட்டத்துக்கு விண்ணப்பம் போடலாம்."

முன்பணம் ஐயாயிரம் வீட்டிலேயே இருக்கிறது. மகளுக்கு வேதியியல் புத்தகம் வருகிறது.

ஆசிரியர் சொன்னது உண்மை. லேப் படிப்பு போன்றவற்றைத் தொலைதூர வழியில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகள் எதையும் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைதூர வழியிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று அது உத்தரவு போட்டது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது. படித்த பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. ஒரு சிறு படிப்பில் சேரும் முன் இந்த ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

1. இந்தப் படிப்புக்குச் சான்றிதழ் தருவது யார்? அரசு போர்டா, பல்கலைக்கழகமா, வெறும் கம்பெனியா?

2. இந்தச் சான்றிதழை மாநிலப் பாராமெடிக்கல் போர்டு பதிவு செய்யுமா?

3. ஆஸ்பத்திரியில் பயிற்சி உண்டா? எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மாதம்?

4. இதை முடித்தால் எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் படிக்கலாம்? இரண்டாம் ஆண்டிலா, முதல் ஆண்டிலா?

5. பட்டத்துக்கு வேறு என்ன பாடம் தேவை? எத்தனை மதிப்பெண் தேவை?

6. இவையெல்லாம் எந்தத் தாளில் எழுதியிருக்கின்றன? அதைக் காட்ட முடியுமா?

ஆறாவது கேள்விதான் முக்கியம். வாயால் சொன்னதை நாளைக்கு மாற்றிச் சொல்லலாம். எழுதியதை மாற்ற முடியாது.

இன்னொன்று. பட்டம் தரும் இடத்திலும் கேட்க வேண்டும். சிறு படிப்பு நடத்துகிறவர் "அங்கே எடுத்துக்கொள்வார்கள்" என்பார். எடுத்துக்கொள்கிறவர் சொன்னால்தான் அது செல்லும். திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது. அது தனிப் பல்கலைக்கழகம். அங்கே லேப் துறையில் பி.எஸ்சி. உண்டு. மற்றக் கல்லூரிகள் பலவற்றுக்கு விஜயவாடாவில் உள்ள டாக்டர் என்.டி.ஆர். சுகாதாரப் பல்கலைக்கழகம் விதி வகுக்கிறது. இரண்டு இடத்துக்கும் விதி ஒன்றாகவே இருக்கும் என்று நினைக்கக் கூடாது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறவும் செய்யும். சேரும் ஆண்டின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதம் பத்திரம்

ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது காகிதம்தான் பேசும். இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பத்தாவது மதிப்பெண் பட்டியல். இன்டர் மதிப்பெண் பட்டியல். டிப்ளமோவின் ஒவ்வோர் ஆண்டு மதிப்பெண் பட்டியல். படித்த பாடங்களின் பட்டியல். பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரி கொடுத்த சான்று. மாற்றுச் சான்றிதழ். சாதிச் சான்று. வருமானச் சான்று. கட்டிய பணத்துக்கெல்லாம் ரசீது.

பாடப் பட்டியல் ஏன்? என்னென்ன படித்தார், எத்தனை மணி நேரம் படித்தார் என்று புதிய கல்லூரி கேட்கலாம். பழைய கல்லூரி மூடிவிட்டால் அதைப் பெறுவது கடினம். படிக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

நம் ஊர் எல்லைப் பகுதி. இங்கிருந்து திருத்தணியும் வேலூரும் சென்னையும் போய்ப் படிப்பவர்கள் உண்டு. வீட்டில் தமிழ் பேசுவதால் அங்கே படிப்பது எளிது என்று நினைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று. ஆந்திராவில் பெரும் பகுதி இடங்களை உள்ளூர் மாணவருக்கு ஒதுக்குகிறார்கள். 1974 முதல் இந்த முறை இருக்கிறது. உள்ளூர் மாணவரா என்று அறிய, கடைசி ஆண்டுகளில் எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். பல ஆண்டு வெளி மாநிலத்தில் படித்துவிட்டுத் திரும்பினால் இந்தச் சலுகை கேள்விக்குறி ஆகலாம். ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள்.

இரண்டு. ஒரு மாநிலப் படிப்பை இன்னொரு மாநிலப் பல்கலைக்கழகம் தானாக ஏற்காது. தகுதிச் சான்று கேட்கும். தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வெளி மாநிலத்தில் படித்தவரிடம் அதைக் கேட்கிறது. அதற்கு விண்ணப்பம் போட நாள் பிடிக்கும். கடைசி நேரத்தில் ஓடக் கூடாது.

பட்ட வகுப்பில் சேர்ந்த பிறகு

சேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று இல்லை. முதல் சில மாதம் கடினம்.

பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். தெலுங்கிலும் தமிழிலும் படித்த பிள்ளை திகைக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தினம் பத்துச் சொல் எழுதிப் படித்தால் போதும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 900 சொல் வந்துவிடும். எழுத்துக் கற்றபோது பெரியவர்கள் செய்ததும் இதுதானே?

இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்தவருக்கு இன்னொரு தொல்லை. மற்றவர்கள் முதல் ஆண்டில் படித்ததை இவர் வேறு விதமாகப் படித்திருப்பார். கையால் செய்யும் வேலையில் முன்னால் நிற்பார். வேதியியல் கணக்கில் பின்தங்குவார். வெட்கப்படாமல் ஆசிரியரைக் கேட்க வேண்டும். முதல் ஆண்டுப் புத்தகத்தை விடுமுறையில் படிக்க வேண்டும்.

செலவும் உண்டு. உதவித்தொகை, கட்டணச் சலுகை பற்றிக் கிராம சச்சிவாலயத்தில் விசாரியுங்கள். வருமானச் சான்று காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. "பொண்ணுக்கு இது போதும், இரண்டு வருஷம் படித்தாயிற்று" என்று சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். டிப்ளமோவோடு வேலைக்குப் போவது தவறு அல்ல. சில குடும்பங்களுக்கு அதுதான் தேவை. ஆனால் மேலே போக விரும்பும் பிள்ளைக்கு வழி திறந்திருக்க வேண்டும். அந்த வழியைச் சரியான முதல் படிப்பைத் தேர்ந்தெடுத்துத்தான் திறந்து வைக்க முடியும்.

அறிவிப்பைப் படிக்கத் தெரிந்த அம்மாவை ஏமாற்றுவது கடினம். ரசீதைப் படிக்கத் தெரிந்த அப்பாவிடம் பொய்க் கணக்குச் சொல்ல முடியாது. கற்ற எழுத்தை இந்த இடத்தில் பயன்படுத்துங்கள். கேளுங்கள், படியுங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் லேப் படிப்பு படித்தவர் யார்? அவர் எங்கே படித்தார்? மேலே படிக்க விரும்பினாரா?

2. பிரிட்ஜ் கோர்ஸ் யாருக்குத் தேவை? ஏன்?

3. ஒரு படிப்பின் விளம்பர நோட்டீசைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படியுங்கள். ஆறு கேள்விகளில் எத்தனைக்கு அதில் பதில் இருக்கிறது?